ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம்: வாங்குவதும் பழகுவதும்

ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் வாங்கியவர்களில் சிலர் ஒரு வாரத்துக்குள் கடைக்குத் திரும்பி வருவார்கள். "கைப்பேசி நேரத்தோடு ஒத்துப்போகவில்லை, இரண்டு நிமிடம் முந்துகிறது, மாற்றிக் கொடுங்கள்" என்பார்கள். மாற்றிக் கொடுத்தாலும் அடுத்த கடிகாரமும் ஏறக்குறைய அப்படித்தான் ஓடும். கடிகாரத்தில் பழுது எதுவும் இல்லை. வாங்கும்போது சொல்லியிருக்க வேண்டியதை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்வதற்கே இந்த அத்தியாயம்.

பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தை இங்கே ஒதுக்கி வைத்துவிடுவோம். தினமும் கையால் சாவி கொடுக்கும் கடிகாரமும், கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் கடிகாரமும் ஒரே குடும்பம். இரண்டிலும் மின்சாரம் கிடையாது. ஒரு சுருள்வில்லை முறுக்கி வைத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து முட்களை ஓட்டுகிறது.

எவ்வளவு தவறலாம்?

இன்று நடுத்தர விலையில் கிடைக்கும் பல கடிகாரங்களுக்குள் இருப்பது சீக்கோவின் என்எச்35 மெஷின். நாளொன்றுக்கு 20 வினாடி பிந்துவதிலிருந்து 40 வினாடி முந்துவது வரை அதற்கு அறிவிக்கப்பட்ட வரம்பு. சீக்கோ தன் பெயரிலேயே விற்கும் கடிகாரங்களில் உள்ள 4ஆர்36 மெஷினுக்கு 35 வினாடி பிந்தலும் 45 வினாடி முந்தலும் அனுமதி. சுவிட்சர்லாந்தில் துல்லியத்துக்கான சிஓஎஸ்சி சான்றிதழ் வாங்கிய விலை உயர்ந்த மெஷினுக்குக்கூடச் சராசரியில் 4 வினாடி பிந்தவும் 6 வினாடி முந்தவும் இடம் உண்டு. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரமோ மாதத்துக்கே 15 வினாடிதான் தவறும். அதாவது பசார் மாலாமில் வாங்கிய பேட்டரிக் கடிகாரம், துல்லியம் என்ற ஒன்றில் மட்டும், ஒரு காரின் விலைக்கு விற்கும் கடிகாரத்தைத் தோற்கடித்துவிடும். இதை மூடி மறைத்து விற்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. என்எச்35-இல் நேரத்தை அளக்கும் சமநிலைச் சக்கரம் வினாடிக்கு 6 முறை அசைகிறது. நாள் முழுதும் எண்ணினால் 518,400 அசைவு. இருபது வினாடி தவறுகிறது என்றால் 4,320 அசைவுக்கு ஒன்று பிசகியிருக்கிறது என்று பொருள். நம் முன்னோர் நாளை 60 நாழிகையாகவும், நாழிகையை 60 விநாழிகையாகவும் பிரித்தார்கள். ஒரு விநாழிகை 24 வினாடி. ஒழுங்காக ஓடும் ஆட்டோமேட்டிக், இரவும் பகலும் ஓடி முடித்த பிறகு ஒரு விநாழிகை அளவுக்குத்தான் தள்ளி நிற்கிறது. எண்ணெயையும் எஃகையும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்ததே பெரிது.

பிசகுக்குக் காரணங்கள் தெரிந்தவைதான். கடிகாரம் மல்லாந்து கிடக்கும்போது ஒரு மாதிரி ஓடும், பக்கவாட்டில் உள்ள சாவி மேல்நோக்கி நிற்கும்போது வேறு மாதிரி ஓடும், ஏனென்றால் புவியீர்ப்பு சக்கரத்தை இழுக்கும் விதம் மாறுகிறது. சுருள்வில் முழுதாக முறுக்கியிருக்கும்போதும் தளர்ந்திருக்கும்போதும் வேகம் ஒன்றாக இராது. எண்ணெய் பழசானால் சக்கரங்கள் தடுமாறும். வெப்பமும் ஒரு காலத்தில் பெரிய எதிரியாக இருந்தது. கடிகாரத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த சார்ல் எடுவார் கியோம், வெப்பத்துக்கு அசையாத உலோகக் கலவைகளைக் கண்டுபிடித்து அந்தத் தொல்லையை வெகுவாகக் குறைத்தார். 1920-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது அதற்காகத்தான். குளிர்சாதன அறையிலிருந்து ஜோகூர் வெயிலுக்கு இறங்கும்போது உங்கள் கடிகாரம் பெரிதாகத் தடுமாறாமல் இருப்பது அந்த வழி வந்த உலோகங்களால்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிழையே இல்லாத கடிகாரத்தைத் தேடாதீர்கள், மாறாத பிழையுள்ள கடிகாரத்தைத் தேடுங்கள். தினமும் 15 வினாடி முந்தும் கடிகாரம் நல்ல கடிகாரம். இன்று 3 வினாடி முந்தி, நாளை 20 வினாடி பிந்தி, மறுநாள் சரியாக இருக்கும் கடிகாரம், சராசரி பூஜ்யமே ஆனாலும், கோளாறானது. முன்னாளில் கப்பல் மாலுமிகள் நடுக்கடலில் தாங்கள் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டது இந்த விதியை வைத்துத்தான். கப்பலின் குரோனோமீட்டர் நாளுக்கு எத்தனை வினாடி முந்துகிறது என்று கரையிலேயே அளந்து குறித்துக்கொள்வார்கள். பயணத்தில் அதைக் கழித்துக்கொள்வார்கள், கடிகாரத்தைத் தொட மாட்டார்கள்.

பிறகு எதற்காக வாங்க வேண்டும்?

துல்லியம் வேண்டுமென்றால் கைப்பேசி இருக்கிறது. மலேசியாவின் நேரத்தைச் சிப்பாங்கில் இருக்கும் தேசிய அளவியல் நிறுவனம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு காக்கிறது. அதோடு போட்டியிட உங்கள் மணிக்கட்டில் ஒன்று தேவையில்லை.

அந்த அதிகாரபூர்வ நேரமும் வானத்திலிருந்து விழுந்ததில்லை. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது மலாயாவின் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டன. 1945-இல் பழையபடி திரும்பின. 1981 டிசம்பர் 31 நள்ளிரவு, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று தீபகற்பம் முழுதும் அரை மணி முன்னே நகர்ந்தது. அன்று கடிகாரம் வைத்திருந்த ஒவ்வொருவரும் சாவியை இழுத்து முள்ளைத் திருப்பினார்கள். இன்றைக்கும் ஜோகூர் பாருவில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒரு மணியை ஒட்டித்தான். ராகு காலத்தைச் சூரிய உதயத்திலிருந்து கணக்கிடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கடிகாரத்தின் 12 மணி என்பது நாம் ஒத்துக்கொண்ட 12 மணி. சிங்கப்பூருக்குக் கடற்பாலத்தைக் கடக்க அரை மணி ஆகுமா, இரண்டு மணி ஆகுமா என்று தெரியாமல் விடியுமுன் கிளம்புகிற ஊர் நம்முடையது. இந்த வாழ்க்கையில் 20 வினாடி யாருடைய வேலையையும் கெடுப்பதில்லை.

ஆனால் துல்லியம் தேவையில்லை என்பது மட்டும் வாங்குவதற்குக் காரணமாகிவிடாது. காரணம் கடிகாரத்தின் முதுகில் இருக்கிறது. பின்மூடி கண்ணாடியாக உள்ள ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அரைவட்டத் தகடு ஒன்று கை அசையும் பக்கமெல்லாம் சுழலும். அது ஒதுங்கும்போது ஓரத்தில் ஒரு சின்னச் சக்கரம் தெரியும், அதுவே சமநிலைச் சக்கரம். அது முழுதாகச் சுற்றாது, போய்த் திரும்பும், போய்த் திரும்பும். அதன் நடுவில் தலைமுடியைவிட மெல்லிய சுருள்வில் ஒன்று விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கும். காதோடு வைத்தால் கேட்கும் டிக் டிக் ஒலி, அந்தச் சக்கரத்தின் ஒவ்வொரு அசைவிலும் ஒரு நெம்புகோல் பல்சக்கரத்தைப் பிடித்து விடும் ஒலி. கட்டியவரின் கை அசைவே அதற்கு உணவு. எது எதைத் தள்ளுகிறது, எது எதை நிறுத்துகிறது என்று கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடிய கருவிகள் நம் வீட்டில் இன்று எத்தனை மிச்சம் இருக்கின்றன? பழுதானால் கழற்றித் துடைத்து, தேய்ந்த பாகத்தை மாற்றி, மீண்டும் ஓட வைக்கலாம். பேரனுக்குக் கொடுக்கலாம். என் கணிப்பில் இதுதான் அதன் முழு மதிப்பு.

குவார்ட்ஸ் இதையெல்லாம் ஒரேயடியாக அழித்துவிடும் என்றுதான் நினைத்தார்கள். 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ ஆஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் மூன்றில் இரண்டு பங்கு வேலைகள் போயின. இந்தியாவில் 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் எச்எம்டி கடிகாரம் பிறந்தது. ஜனதா, பைலட் என்று அதன் சாவிக் கடிகாரங்கள் வீட்டுக்கு வீடு இருந்தன. ஓசூரில் டைட்டன் தொழிற்சாலை வந்து குவார்ட்ஸ் பரவியதும் எச்எம்டி சரியத் தொடங்கியது. 2016-இல் எச்எம்டி கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவிய பிறகு பழைய ஜனதாவைத் தேடி வாங்குகிறவர்கள் பெருகினார்கள். சுவிஸ் ஏற்றுமதியிலும் இன்று மதிப்பில் பெரும்பங்கு சாவிக் கடிகாரங்களுக்கே. நம் நாட்டிலிருந்தே 2017-இல் மிங் என்ற கடிகாரப் பெயர் எழுந்து, 2019-இல் ஜெனிவா கடிகாரப் பரிசுகளில் ஒன்றைப் பெற்றது.

மெஷினில் எழுதியிருக்கும் ஊர்

ஜோகூர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மேலே சொன்ன அரைவட்டத் தகட்டில் பொடி எழுத்தைப் படியுங்கள். எத்தனையோ என்எச்35 மெஷின்களில் "மலேசியா" என்று பொறித்திருக்கும். சீக்கோ குழுமத்தின் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் டெக்னாலஜி என்ற நிறுவனம் இருப்பது இந்த மாநிலத்தில்தான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிறு கடிகார நிறுவனங்கள் தங்கள் பெயரைப் போட்டு விற்கும் கடிகாரங்களின் உள்ளே மலேசியாவில் பூட்டிய மெஷின் ஓடுகிறது. குவார்ட்ஸைக் கொண்டுவந்த நிறுவனமே சாவி மெஷினைக் கைவிடாமல் உலகத்துக்கெல்லாம் விற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இங்கே சிலர் "ஜப்பானில் செய்தது" என்ற எழுத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள். எங்கே செய்திருந்தாலும் ஒரே மெஷினுக்கு அறிவித்த வரம்பு ஒன்றுதான். அந்தப் பணத்தை ஒரு நல்ல சர்வீசுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன்

முதல் கடிகாரத்துக்கு நான் சொல்வது சீக்கோ 5, அல்லது என்எச்35 உள்ள வேறு நம்பகமான ஒன்று. சீக்கோ 5 என்ற பெயர் 1963-லிருந்து இருக்கிறது. பழைய சீக்கோ 5-களில் உள்ள 7எஸ்26 மெஷினுக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது, சாவியை இழுத்தாலும் வினாடி முள் நிற்காது. என்எச்35, 4ஆர்36 இரண்டிலும் இரண்டும் முடியும். நேரத்தைச் சரியாக ஒட்டவைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் பின்னவற்றையே எடுங்கள். எத்தனை கல் என்று கேட்டு விலையை எடைபோட வேண்டாம். அவை உராய்வைக் குறைக்க வைக்கும் செயற்கை மாணிக்கங்கள், நகைக்கு ஆகாது. கைச்சாவிக் கடிகாரத்துக்கு 17 கல் போதும்.

பழைய கடிகாரம் வாங்கப் போனால் கவனம் கூட வேண்டும். ஜோகூர் பாருவின் பசார் காராட்டிலும் இணையத்திலும் பழைய சீக்கோக்கள் கிடைக்கும். அவற்றில் முகப்பு மட்டும் பளபளவென்று, இந்த நிறத்தில் சீக்கோ செய்ததே இல்லை என்னும்படி இருந்தால், அது மறுபூச்சுப் பூசியது. எழுத்தின் விளிம்பு கசிந்திருக்கும், அடியில் இருக்க வேண்டிய பொடி எண் தப்பாக இருக்கும் அல்லது இராது. பின்மூடியைப் பாருங்கள். நான்கு இலக்கம், ஒரு கோடு, பிறகு நான்கு இலக்கம் என்று ஒரு குறி இருக்கும். முதல் நான்கு மெஷினின் எண். தனியாக இருக்கும் ஆறிலக்க வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 7009 மெஷினில் வரிசை எண் 83 என்று தொடங்கினால் ஓர் எட்டில் முடியும் ஆண்டின் மார்ச் மாதத்தில் செய்தது. எந்தப் பத்தாண்டு என்பதை மெஷினின் காலத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். பின்மூடியின் எண்ணும் உள்ளே இருக்கும் மெஷினின் எண்ணும் பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள்.

வினாடி தப்பக்கூடாத வேலையில் இருப்பவரும், வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் கடிகாரம் கட்டுகிறவரும் இதை வாங்க வேண்டாம். என்எச்35 முழுச் சாவியில் ஓடுவது 41 மணி நேரம். வெள்ளி மாலை ஏழு மணிக்குக் கழற்றி வைத்தால் ஞாயிறு நண்பகலில் நின்றிருக்கும். ஒவ்வொரு திங்களும் நேரத்தையும் தேதியையும் திருப்பிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் ஒத்துவராது.

முதல் வாரம்

வாங்கி வந்ததும் சாவியை முப்பது நாற்பது சுற்றுக் கொடுங்கள். பிறகு சாவியைக் கடைசி நிலைக்கு இழுத்து, வினாடி முள் 12-இல் வரும்போது நிறுத்துங்கள். நிமிட முள்ளைச் சரியான நேரத்துக்குச் சில நிமிடம் பின்னே கொண்டுபோய், அங்கிருந்து மெல்ல முன்னே கொண்டுவாருங்கள். கைப்பேசியில் நிமிடம் மாறும் நொடியில் சாவியை அழுத்துங்கள். தேதியை மாற்றுவதாக இருந்தால் கடிகாரம் இரவு 9 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் இடையில் காட்டும்போது தொடாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பற்கள் கவ்வியிருக்கும், திருகினால் உடையும். சாவிக் கடிகாரங்களில் பழகாதவர் கையால் வரும் சேதங்களில் இதுவும் ஒன்று.

அதன்பின் ஒரு வாரம் கட்டுங்கள், தினமும் ஒரே நேரத்தில் எத்தனை வினாடி முந்துகிறது என்று எழுதுங்கள். எண்கள் ஒன்றையொன்று ஒட்டி வந்தால் மகிழ்ச்சியடையுங்கள். முந்துகிற கடிகாரத்தை இரவில் எப்படிக் கிடத்துகிறீர்கள் என்பதைக் கொண்டே பாதி திருத்திவிடலாம். ஒரு வாரம் முகப்பு மேலே பார்க்க வையுங்கள், மறு வாரம் சாவி மேலே நிற்க ஒருக்களித்து வையுங்கள். எந்த நிலையில் பிந்துகிறதோ அதுவே முந்தும் கடிகாரத்துக்கு ஏற்ற படுக்கை. காசு செலவில்லாத இந்த வைத்தியத்தை எல்லோரும் முதலில் செய்துபார்க்க வேண்டும்.

நேற்றுவரை ஒழுங்காக இருந்த கடிகாரம் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். கைப்பேசி உறை, ஒலிபெருக்கி, கைப்பையின் காந்தப் பொத்தான், மடிக்கணினி மூடி இவற்றில் ஒன்றின் மேல் வைத்திருப்பீர்கள். சமநிலைச் சக்கரத்தின் மெல்லிய சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளம் குறைந்ததுபோல் ஆகும், அதனால் வேகம் கூடும். காந்தம் நீக்கும் கருவி ரிப்பேர் கடைகளில் இருக்கும், வேலை ஒரு நிமிடம்கூட ஆகாது. இதற்குப் போய்க் கடிகாரத்தைக் கழற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் காந்தத்தை நீக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெயில், வியர்வை, மழை

நம் ஊரில் கடிகாரத்துக்கு எமன் ஈரம். பின்மூடியிலும் சாவியடியிலும் உள்ள ரப்பர் வளையம் காய்ந்துவிட்டால் காற்றில் உள்ள ஈரமே உள்ளே போகும். மழையில் நனைந்து, குளிர்சாதன அறைக்குள் போனதும் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படர்ந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றே கொண்டுபோங்கள். ஒரு வாரத்தில் துரு பிடித்துவிடும். 30 மீட்டர் என்று எழுதியிருப்பது கை கழுவவும் தூறலுக்கும்தான். நீந்துவதற்கு 100 மீட்டராவது வேண்டும், திருகி மூடும் சாவியும் இருந்தால் இன்னும் நல்லது. தோல் பட்டை இங்கே சீக்கிரம் நாறிப் பிய்ந்துவிடும். நைலான், ரப்பர், எஃகுச் செயின் இவற்றில் ஒன்றைப் போடுங்கள். பூப்பந்து ஆடும்போதும், துளைக்கருவியோ புல்வெட்டியோ பிடிக்கும்போதும் கழற்றி வையுங்கள். அந்த அதிர்ச்சியில் சமநிலைச் சக்கரத்தின் அச்சு ஒடிந்தால் செலவு பெரிது.

ரிப்பேர்க்காரரிடம் கேட்க வேண்டியவை

"கெடாய் ஜாம்" என்று பலகை வைத்த கடைகளில் பேட்டரி மாற்றுவதற்கு மேல் தெரியாதவையும் உண்டு. டைம்கிராபர் இருக்கிறதா என்று கேளுங்கள். டிக் ஒலியைக் கேட்டு வேகத்தை அளக்கும் சின்னக் கருவி அது. ஐந்தாறு நிலைகளில் கடிகாரத்தை அதில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வேகம் மட்டுமல்ல, சக்கரம் எத்தனை பாகை வீச்சில் அசைகிறது என்பதும் அதில் தெரியும். முழுச் சாவியிலும் 200 பாகைக்குக் கீழே கிடந்தால் எண்ணெய் காய்ந்திருக்கிறது. அப்போது வேகத்தை மட்டும் திருகிச் சரி செய்து அனுப்புகிறவரிடம் மறுபடி போகாதீர்கள். முழுக்கக் கழற்றி, கழுவி, எண்ணெய் போட வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை இது நடந்தால் நல்லது.

என்எச்35-க்கு ஒரு சங்கடம் உண்டு. முழு சர்வீஸ் கூலியைவிடப் புது மெஷின் பல வேளைகளில் மலிவாக இருக்கும். ரிப்பேர்க்காரரே "அண்ணே, புதுசு போட்டுக்குங்க" என்பார். நீங்கள் வாங்கிய கடிகாரமென்றால் அப்படியே செய்யலாம், தவறில்லை. அப்பாவோ தாத்தாவோ கட்டியதென்றால் உள்ளிருப்பதை மாற்ற விடாதீர்கள், எவ்வளவு கூலியானாலும் அதையே சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அவர் கை அசைவில் ஓடியது அந்த மெஷின்தான்.

புதிது வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து தேடுங்கள். நின்றுபோன பழைய சாவிக் கடிகாரம் ஒன்று கிடைத்தால் அதற்குச் சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டாம். காய்ந்த எண்ணெயோடு ஓடினால் அச்சுகள் தேயும். அப்படியே ஒரு நல்ல ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். துரு ஏறாமல் இருந்தால் உங்கள் முதல் கடிகாரம் அதுவாகவே இருக்கட்டும்.